லயன் பாதையில் டிப்பர்: கட்டுப்பாடு தொடங்க வேண்டிய இடம் கல்குவாரியின் கேட்

மலையகத் தோட்டங்களில் ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை), லயன் (தொழிலாளர் வரிசை வீடுகள்), பிள்ளைக்காம்பரா (குழந்தைக் காப்பகம்), கோயில், பாடசாலை எல்லாம் பெரும்பாலும் ஒரே பாதையில்தான் வரிசையாக இருக்கின்றன. அந்தப் பாதைகளில் பல, கோப்பிக் காலத்தில் மாட்டுவண்டிக்காக வெட்டப்பட்டவை. 1867இல் லூல்கந்துரவில் தேயிலை பயிரான பின்னர், அதே பாதைகளின் ஓரத்தில் தொழிற்சாலைகளும் லயன்களும் எழுந்தன. அகலம் பல இடங்களில் 10 அல்லது 12 அடி. வாசற்படிக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருப்பது ஒரு கான் (வடிகால்) மட்டும். கொழுந்து லொறிக்கே இறுக்கமான இந்தப் பாதையில் இன்று கருங்கல்லும் மணலும் ஏற்றிய டிப்பர், விறகு லொறி, உர லொறி, நீர்மின் நிலைய வேலைக்கு இயந்திரம் கொண்டுவரும் வண்டி எல்லாம் ஓடுகின்றன.

இதற்கு ஊரில் முதலில் கேட்கப்படுவது வேகத்தடை. அடுத்தது “கனரக வாகனம் செல்லத் தடை” என்ற பலகை. இரண்டும் தனியாக வேலை செய்வதில்லை. லொறி எப்போது, எவ்வளவு பாரத்தோடு, எத்தனையாவதாகப் புறப்படுகிறது என்பது குவாரியின் அல்லது தொழிற்சாலையின் கேட்டில் முடிவாகிறது. தெருவுக்கு வந்துவிட்ட லொறியை அடக்குவது கடினம். கேட்டில் ஒழுங்கு வந்தால் தெருவில் பாதிப் பிரச்சினை எழவே எழாது.

முதலில் எண்ணுங்கள்

“நாள் முழுக்க லொறி” என்ற முறைப்பாட்டை எந்த அலுவலகமும் ஒரு கடிதத்தோடு முடித்துவிடும். நேரம் குறித்த எண்ணிக்கைத் தாளை அப்படித் தட்டிக்கழிப்பது எளிதல்ல. ஒரு அப்பியாசக் கொப்பியில் கோடு போட்டால் போதும்: நேரம் (15 நிமிடக் கட்டங்களாக), மேலே போகிறதா கீழே வருகிறதா, பாரமா வெறுமையா, எத்தனை அச்சு, படங்கு மூடியிருக்கிறதா. குறைந்தது ஏழு நாள், காலை 5 மணி முதல் இரவு 8 மணி வரை எண்ண வேண்டும். ஒரே நாள் எண்ணினால், அன்று குவாரியில் வெடி வைத்தார்களா, மழையால் ஏற்றவில்லையா என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறிவிடும்.

ஒரு சுமைக்கு இரண்டு கடப்பு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நாளொன்றுக்கு 60 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி) கல் விற்கும் குவாரி, 3 கியூப் டிப்பரில் ஏற்றினால் 20 சுமை. லயன் வாசலைக் கடப்பது 40 தடவை. எட்டு மணி நேரத்தில் சீராகப் பரவினால் 12 நிமிடத்துக்கு ஒன்று, தாங்கிக்கொள்ளலாம். ஆனால் கட்டட வேலைத்தளங்கள் கல்லைக் காலையிலேயே கேட்கின்றன. அந்த 20இல் பாதி 6 மணிக்கும் 8 மணிக்கும் இடையில் ஓடினால் ஆறு நிமிடத்துக்கு ஒரு கடப்பு. பாடசாலை 7.30க்கு. பிரட்டுக்கு (காலையில் வேலை பிரிக்கும் இடத்துக்கு) போகிறவர்களும் பிள்ளைக்காம்பராவுக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்கிற தாய்மாரும் அதே பாதையில், அதே நேரத்தில். ஆபத்து நாளின் மொத்த எண்ணிக்கையை விட இந்த இரண்டு மணி நேரத்தில்தான் குவிந்திருக்கிறது.

தேயிலைத் தொழிற்சாலையின் ஓட்டம் வேறு மாதிரி. ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். நாளுக்கு 2,000 கிலோ தூள் எடுக்கும் ஸ்டோருக்கு 9,000 கிலோ கொழுந்து உள்ளே வர வேண்டும். அது கொழுந்து நிறுக்கும் நேரங்களை ஒட்டி வரும். மாலை நிறுவைக்குப் பிறகு வருவதே இருட்டில் ஓடுகிறது. கொழுந்து வாடிவிடும் என்பதால் அதைத் தள்ளிப்போட முடியாது. விறகு, உரம், கொழும்புக்குப் போகும் தூள் ஆகிய மூன்றையும் தள்ளிப்போடலாம். நேர ஒப்பந்தம் பேசப் போகிறவர்கள் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டு போனால், துரை (தோட்ட முகாமையாளர்) “கொழுந்து பழுதாகிவிடும்” என்று சொல்லும்போது எதற்கு ஒத்துக்கொள்ளலாம், எதற்குக் கூடாது என்று தெரியும்.

சாரதி ஏன் ஓடுகிறார்

டிப்பர் சாரதிக்குப் பல இடங்களில் கூலி நாள் கணக்கில் இல்லை, பயணக் கணக்கில். நான்காவது சுமைக்கும் ஐந்தாவது சுமைக்கும் இடையில் இருப்பது அவருடைய வீட்டுச் செலவு. அதனால்தான் விடியுமுன்னே குவாரி கேட்டுக்கு வெளியே இயந்திரத்தை நிறுத்தாமல் வரிசை நிற்கிறது. முதலில் ஏற்றியவர் முதலில் திரும்புவார், அதனால் இன்னொரு சுமை எடுப்பார். இந்தக் கணக்கு இருக்கும்வரை தெருவில் எத்தனை பலகை நட்டாலும் ஓட்டம் குறையாது.

இதை உடைக்கும் வழி ஏற்றும் நேரச் சீட்டு. குவாரி முந்தின நாள் மாலையே ஒவ்வொரு வண்டிக்கும் நேரம் கொடுக்கிறது: 8.15, 8.30, 8.45. தன் நேரத்துக்கு முன்னால் வந்தால் ஏற்றமாட்டார்கள். 9.45க்குச் சீட்டு உள்ளவர் லயன் பாதையில் பறந்து வந்தாலும் 9.45க்குத்தான் ஏற்றுவார், விரைந்து ஓடி அவருக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. வேகத்தைக் குறைக்க எங்களுக்குத் தெரிந்த வழிகளில் செலவு குறைந்ததும் நிலைத்து நிற்பதும் இதுவே. கூடவே, காத்திருக்கும் வண்டிகள் நிற்க குவாரியின் எல்லைக்குள்ளேயே இடம் வேண்டும். குறைந்தது மூன்று நான்கு டிப்பர் நிற்கும் மட்டமான தரை, இயந்திரத்தை நிறுத்தியே நிற்க வேண்டும் என்ற விதி. சீட்டு முறை தோற்கும் இடம் ஒன்று உண்டு: குவாரி தன் சொந்த வண்டிகளுக்கு மட்டும் அதை வைத்து, கல் வாங்க வரும் வெளி வண்டிகளை விட்டுவிடுவது. வெளி வண்டிகளே அதிகமாக இருக்கும் இடத்தில் அப்படிப்பட்ட ஒப்பந்தத்தால் பயனில்லை. “கேட்டைக் கடக்கும் எல்லா வண்டிக்கும்” என்ற சொற்கள் எழுத்தில் இருக்க வேண்டும்.

பாரம்

ஒரு கியூப் என்பது 100 கன அடி, அதாவது 2.83 கன மீற்றர். உடைத்த கருங்கல் கன மீற்றருக்கு ஒன்றரைத் தொன் அளவில் நிறுக்கும்; 3 கியூப் ஏறத்தாழ 12.7 தொன். மணல் ஈரமானால் இன்னும் கூடும். மழைக்குள் ஏற்றிய மணல், கண்ணுக்கு அதே அளவாகத் தெரிந்தாலும் ஒரு கியூபுக்கு அரைத் தொன்னுக்கு மேல் கூடுதலாக இருக்கலாம். வண்டியின் பக்கத்தில் எழுதியிருக்கும் மொத்த எடையிலிருந்து வெறும் எடையைக் கழித்தால் எவ்வளவு ஏற்றலாம் என்பது கிடைக்கும்.

மிகைப் பாரம் பாதைக்குச் செய்யும் சேதம் நேர் விகிதத்தில் ஏறுவதில்லை. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் நடந்த பெரிய வீதிச் சோதனையிலிருந்து பொறியியலாளர்கள் பயன்படுத்தும் விதி, சேதம் அச்சுப் பாரத்தின் நான்காம் அடுக்கில் கூடும் என்பது. அச்சில் 10 தொன்னுக்குப் பதில் 13 தொன் என்றால் பாரம் 30 சதவீதம் கூடுதல். சேதம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. “கொஞ்சம் கூடப் போட்டால் பயணம் குறையும், ஊருக்கும் நல்லதுதானே” என்று குவாரித் தரப்பு சொல்லும்போது இந்தக் கணக்கைக் காட்டலாம்.

எடைப்பாலம் இல்லாத குவாரிக்கு ஒரு எளிய வழி உண்டு. டிப்பர் தொட்டியின் உட்புற நீளம், அகலம் அளந்து, உயரக் கோடு ஒன்றை வெள்ளைப் பெயின்டில் உள்ளே வரைவது. 12 அடி நீளம், 7 அடி அகலத் தொட்டியில் 3 கியூபுக்கு உயரம் 3 அடி 7 அங்குலம். மணலுக்கும் கல்லுக்கும் தனித்தனிக் கோடு, ஈர மணலுக்கு அதற்கும் கீழே ஒன்று. கோட்டுக்கு மேல் குவிந்திருந்தால் கேட் திறக்கக் கூடாது. குவித்து ஏற்றிய கல் முடக்குகளில் (வளைவுகளில்) சரிந்து பாதையில் கொட்டுகிறது. பின்னால் வரும் மோட்டார்சைக்கிள்காரர் அதில்தான் விழுகிறார்.

இறக்கமும் முடக்கும்

சமவெளியில் எழுதிய போக்குவரத்துத் திட்டம் இங்கே பொருந்தாமல் போவதற்கு முதல் காரணம் இறக்கம். 16 தொன் எடையுள்ள லொறி 200 மீற்றர் உயரம் இறங்கும்போது விடுபடும் ஆற்றல் ஏறத்தாழ 31 மெகாயூல். 90 லீற்றருக்கும் மேற்பட்ட பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். இயந்திரம் இதில் பெரும் பங்கைத் தாங்காவிட்டால் அத்தனையும் பிரேக் டிரம்முக்குள் சூடாக இறங்குகிறது. சூடேறிய டிரம் விரிகிறது, லைனிங் பிடிமானம் இழக்கிறது, மிதி ஆழமாகப் போகிறது. சாரதிக்குத் தெரியவரும்போது அடுத்த முடக்கு வந்துவிட்டிருக்கும். ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர், எக்ஸோஸ்ட் பிரேக் வேலை செய்ய வேண்டும், நியூட்ரலில் இறங்கவே கூடாது. இதைச் சாரதியின் மனச்சாட்சிக்கு விட்டுவிடாமல், செங்குத்து இறக்கம் தொடங்குமுன் உள்ள மட்டமான இடத்தில் எல்லாப் பாரவண்டியும் நின்று பிரேக்கின் காற்றழுத்தம் பார்த்து, கியர் மாற்றிப் புறப்பட வேண்டும் என்பதை விதியாக்குவது நல்லது. இரண்டு நிமிட வேலை.

லயன் பகுதிக்கு என்ன வேகம் கேட்பது? ஈரமான 10 சதவீத இறக்கத்தில் பாரவண்டியின் வேகம் ஒவ்வொரு விநாடியும் விநாடிக்கு 2.5 மீற்றர் வீதம் குறையும் என்றும், சாரதி சுதாரிக்க ஒன்றரை விநாடி ஆகும் என்றும் வைத்துக்கொண்டால், 20 கிலோமீற்றர் வேகத்தில் வரும் லொறி நிற்க ஏறத்தாழ 15 மீற்றர் வேண்டும். 40இல் வந்தால் 41 மீற்றர். முடக்குக்கு முடக்கு பார்வைத் தூரம் 20 மீற்றரே உள்ள பாதையில் 40 என்பது கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவதுதான். எனவே 20 கேட்க வேண்டும். அதற்கான காரணத்தையும் எழுத்தில் வைக்க வேண்டும்.

முடக்கில் பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது, உள்ளே வெட்டும். சக்கர இடைவெளி 5 மீற்றர் உள்ள லொறி 10 மீற்றர் ஆரத்தில் திரும்பினால் பின்சக்கரம் ஏறத்தாழ 1.3 மீற்றர் உள்ளே வரும். ஆரம் 8 மீற்றரானால் 1.75 மீற்றர். இரண்டரை மீற்றர் அகல வண்டிக்கு முடக்கில் நாலரை மீற்றர் பாதை தேவைப்படுவது இதனால்தான். உள்பக்கக் கானின் சுவர் எப்போதும் அதே இடத்தில் உடைவதும் இதனால்தான். உடைந்த கானைத் திரும்பத் திரும்பக் கட்டுவது பண விரயம். முடக்கின் உள்பக்கத்தைச் சற்று அகட்டி, கானுக்கு மேல் கம்பியிட்ட கொங்கிறீட் பலகை போடுவதே தீர்வு. அது முடியாத முடக்கில் நீண்ட சக்கர இடைவெளி வண்டிக்கு அனுமதி கொடுக்கக் கூடாது.

எதிரெதிர் வண்டிகளுக்கு ஒதுங்கிடம் வேண்டும்: ஏறத்தாழ 15 முதல் 20 மீற்றர் நீளம், பாதையோடு சேர்த்து ஐந்தரை மீற்றர் அகலம், ஒன்றிலிருந்து அடுத்தது கண்ணுக்குத் தெரிய வேண்டும். மலைப்பாதை வழக்கப்படி ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும். ஆனால் குவாரி மேலே இருந்தால் பாரத்தோடு வருவது இறங்கும் வண்டி. அதைச் சரிவில் நிறுத்தி நிறுத்தி விடுவது பிரேக்கைச் சுடவைக்கும். அதனால் மேல் முனையிலும் கீழ் முனையிலும் ஆள் வைத்து மாறிமாறி விடுவது பாதுகாப்பு. பள்ளத்தாக்குகளில் தொலைபேசி சிக்னல் அறுபடும் என்பதால் வோக்கி டோக்கி கொடுங்கள். தோட்டத்தில் மேல் பாதை, கீழ் பாதை என இரண்டு இருந்தால் இன்னும் நல்லது: வெறும் வண்டி ஒன்றில் ஏறட்டும், பார வண்டி வீடு குறைந்த மற்றதில் இறங்கட்டும்.

வேகத்தடை வேண்டாம் என்பதற்குக் காரணம்

லயன் வாசலுக்கு நேரே மேடு கட்டினால் பாரவண்டி அதற்கு முன் பிரேக் பிடித்து, ஏறி, தொப்பென இறங்கி, பிறகு கியர் மாற்றி உறுமிக்கொண்டு போகும். வெறும் டிப்பரின் பின்கதவு அடித்துக்கொள்ளும் சத்தம் விடியற்காலையில் பக்கத்து லயன் வரை கேட்கும். அதிர்வின் பெரும் பகுதி பிறப்பது சக்கரம் உயரத்திலிருந்து விழும்போது. மேடும் குழியும் இதில் ஒன்றுதான். வைத்தியசாலைக்குப் போகும் கர்ப்பிணியும் அதே மேட்டில்தான் ஏறி இறங்க வேண்டும். மேடு தவிர்க்க முடியாது என்றால் வீடுகளுக்கு நேரே இல்லாமல் அவற்றுக்கு முன்னாலும் பின்னாலும் தள்ளி, 12 அடி அகலத்துக்கு மெதுவாக ஏறி இறங்கும் வடிவில் அமைக்க வேண்டும்.

வீட்டின் அதிர்வுக்கு முதல் மருந்து குழி அடைப்பது. கல்லும் சுண்ணாம்பும் மண்ணும் சேர்த்துக் கட்டிய பழைய லயன் சுவர்களில் விரிசலைப் பார்த்து “லொறியால்தான்” என்று சொல்வது எளிது, நிறுவுவது எளிதல்ல. விநாடிக்கு 0.3 மில்லிமீற்றர் அதிர்வையே மனிதர் உணர்ந்துவிடுவர். ஜேர்மன் தரம் குடியிருப்புக் கட்டடத்துக்கு, தாழ் அதிர்வெண்ணில் 5 மில்லிமீற்றரும், நொய்ந்த பழங்கட்டடத்துக்கு 3 மில்லிமீற்றரும் வைத்திருக்கிறது. உணர்வதற்கும் உடைவதற்கும் இவ்வளவு தூரம் இருக்கிறது. குவாரி வெடி, கான் ஒழுகி அத்திவாரம் தாழ்வது, மண் நகர்வு ஆகியவையும் அதே விரிசலைத் தரும். எனவே குவாரி தொடங்குமுன்பே, தொடங்கிவிட்டால் இன்றே, ஒவ்வொரு விரிசலின் குறுக்கேயும் மெல்லிய சீமெந்துப் பட்டை பூசித் திகதி எழுதி, அடிமட்டம் வைத்துப் படம் எடுங்கள். பட்டை வெடித்தால் விரிசல் வளர்கிறது என்று பொருள். அந்தப் பதிவோடு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் அதிர்வு அளக்கக் கேட்டால் பேச்சுக்கு எடை கிடைக்கும்.

தண்ணீர்

மலைப்பாதை பாரத்தால் மட்டும் உடைவதில்லை. கான் அடைபட்டால் தண்ணீர் பாதையைக் கடந்து பள்ளத்துப் பக்கம் பாய்கிறது. ஓர மண் ஊறுகிறது. அதன்மேல் பின்சக்கரம் ஏறியதும் விளிம்பு சரிகிறது. லொறி உருண்டு கிடக்கும் பல இடங்களில் மேலே போய்ப் பார்த்தால் மூடிக்கிடக்கும் கான் இருக்கும். பள்ளத்து விளிம்பிலிருந்து ஒரு மீற்றர் உள்ளே வெள்ளை பூசிய கற்கள், வாரம் ஒருமுறை கான் துப்புரவு, ஹியூம் குழாய் மதகுகளின் மேல் குறைந்தது இரண்டடி மண் மூடல். இந்த மூன்றையும் லொறி ஓட்டும் நிறுவனத்தின் செலவில் கேட்பது நியாயம்.

மழை நாளுக்கு நிறுத்த எல்லையும் வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழையை மண்சரிவு எச்சரிக்கையின் முதல் படியாகவும், 100ஐ இரண்டாம் படியாகவும், 150ஐ வெளியேறும் படியாகவும் கொள்கிறது. 75 தாண்டிய அன்று பாரவண்டி நிறுத்தம் என்று எழுதிக்கொள்ளலாம். பல தோட்டங்களில் மழைமானி ஏற்கெனவே இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் நடந்த மண்சரிவை அறிந்த மலையகத்தில் இதை யாரும் மிகையென்று சொல்லமாட்டார்கள்.

வெயில் காலத்தில் பௌசரால் தண்ணீர் தெளிப்பார்கள். செம்மண் சரிவில் அதிகம் ஊற்றினால் வழுக்கும்; மெல்லியதாக, பல தடவை தெளிக்க வேண்டும். கேட்டுக்கு முன் 15 மீற்றர் நீளத்துக்கு இரண்டு மூன்று அங்குலக் கல் பரப்பினால் டயர்ச் சேறு அங்கேயே உதிரும்.

யாரிடம் போவது

பாதை யாருடையது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். ஏ, பி தரப் பாதைகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. சி, டி தரப் பாதைகள் மாகாணத்துக்கு. ஊர்ப் பாதைகள் பிரதேச சபைக்கு. தோட்டப் பாதைகள் தோட்ட நிர்வாகத்திடம். ஒரே லொறி இரண்டு கிலோமீற்றருக்குள் நான்கையும் கடக்கலாம். முன்பெல்லாம் “அது தோட்டத்துப் பாதை” என்று பிரதேச சபை கையை விரித்துவிடும். 2018இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்ட பின்னர் தோட்டப் பகுதியில் செலவு செய்ய வழி திறந்திருக்கிறது.

ஆனால் உண்மையான பிடி பாதை உரிமையை விட அனுமதிப்பத்திரத்தில் இருக்கிறது. குவாரிக்குப் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்தின் அனுமதி வேண்டும், சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் வேண்டும், பிரதேச சபையின் வியாபார அனுமதியும் வேண்டும். மூன்றும் காலத்துக்குக் காலம் புதுப்பிக்கப்படுபவை. ஏற்றும் நேரச் சீட்டு, பாரக் கோடு, 20 கிலோமீற்றர் வேகம், 6.30 முதல் 8 வரையும் பாடசாலை விடும் 1.15 முதல் 2 வரையும் ஓட்டமில்லை, 75 மில்லிமீற்றரில் நிறுத்தம் ஆகியவை அந்த அனுமதியில் நிபந்தனையாக ஏறிவிட்டால், மீறல் அயலவர் சண்டையாக இருக்காது, அனுமதி மீறலாகிவிடும். புதுப்பிக்கும் திகதிக்கு மூன்று மாதம் முன்பே எண்ணிக்கைத் தாள், விரிசல் படங்கள், கோரிக்கைப் பட்டியல் மூன்றையும் பிரதேச செயலகத்துக்கும் அந்த நிறுவனங்களுக்கும் கொடுத்து, பெற்றுக்கொண்ட முத்திரை வாங்கிவையுங்கள். சத்தத்துக்கு 1996ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் பிரதேச சபைப் பகுதியில் பகலுக்கு 55 டெசிபல், மாலை 6 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்று வைக்கின்றன. வேலைத்தள எல்லையில் அளக்கும் அளவு அது. விடியுமுன் கேட்டுக்குள் கல் ஏற்றும் குவாரி அந்த 45இல் நிற்பது கடினம்.

ஒப்பந்தமும் பலகையும் தமிழிலும் சிங்களத்திலும் இருக்கட்டும். வெளியூர்ச் சாரதிகளில் பலருக்குத் தமிழ் வாசிக்க வராது. தமிழில் மட்டும் நட்ட பலகை ஊருக்கு ஆறுதல் தரும், லொறியை நிறுத்தாது. லயன் பக்கம் ஒரு கொப்பி, கேட்டில் ஒரு பதிவேடு. இரண்டிலும் வண்டி இலக்கம், நேரம், திகதி. “நேற்று ஒரு டிப்பர் பறந்தது” என்பதை யாரும் மறுக்கலாம். 7.10க்கு லயனைக் கடந்ததாகக் கொப்பியில் உள்ள இலக்கம், 7.02க்கு வெளியேறியதாகக் கேட் பதிவேட்டிலும் இருந்தால் மறுக்க முடியாது. மாதம் ஒருமுறை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். திரும்பத் திரும்ப வரும் இலக்கம் இரண்டு மூன்றுதான் இருக்கும். அந்த வண்டிகளுக்கு அடுத்த வாரச் சீட்டு இல்லை என்று குவாரி சொல்ல வேண்டும். சொல்ல மறுத்தால், இரண்டு பதிவுகளின் பிரதியும் அனுமதிப்பத்திரக் கோப்புக்குப் போகட்டும்.